'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' தப்பு இங்கிலீஷா?

வெண்ணாற்றங்கரை:
நமக்கு மன்னார்குடிப் பக்கம். தம்பி சென்னையில வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம். லீவு கேட்டு மெயில் போட்டிருக்கான்: 'ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' கடைசியில 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. மேனேஜர் அதை மீட்டிங்ல வாசிச்சுக் காட்டிச் சிரிச்சாராம். இலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்ல. அப்புறம் என்ன சிரிப்பு?

கும்பகோணம்_டிகிரி:
அது தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவர் பாஷை. 'டவுன் வித் ஃபீவர், டேக்கிங் டுடே ஆஃப்', முடிஞ்சது. பட்டு வேட்டியோட நாத்து நட இறங்கினா சிரிக்கத்தான் செய்வாங்க.

திருவாரூர்_டீச்சர்:
பட்டு வேட்டி தப்பான வேட்டி இல்லையே சார்! பத்திரிகையில 'நிகழும் மங்களகரமான'னு போடுறோம், வீட்ல யாராவது அப்படிப் பேசுறோமா? உங்க ஊர் கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதின கடிதமே 'ஐ பெக் டு இன்ட்ரட்யூஸ் மைசெல்ஃப்'னுதான் தொடங்குது.

கும்பகோணம்_டிகிரி:
1913-ல வெள்ளைக்காரனும் அப்படித்தான் எழுதினான். அவன் விட்டுட்டான், நாம விடல. அதே ராமானுஜன் எங்க ஊர் காலேஜ்ல இங்கிலீஷ்ல கோட்டை விட்டுத்தான் ஸ்காலர்ஷிப்பை இழந்தார், அதையும் சொல்லுங்க. வலங்கைமான்ல பிறந்த மேடைப் பேச்சாளர் சீனிவாச சாஸ்திரி இங்கிலீஷை வெள்ளைக்காரனே வாயப் பொளந்து கேட்டான். பேசினா அப்படிப் பேசணும்.

கொரடாச்சேரி_கொக்கு:
தேதியை முன்னாடி தள்ளி வைக்கிறதை 'ப்ரீபோன்'னு சொன்னா ஒரு காலத்துல சிரிப்பாங்க. இப்ப ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே ஏறிடுச்சு.

கும்பகோணம்_டிகிரி:
மேனேஜர் அகராதியப் பாத்துட்டா சிரிப்பார்?

திருவாரூர்_டீச்சர்:
சாஸ்திரியார் பேசினது மேடை இங்கிலீஷ். அதுல லீவு கேட்டாலும் சிரிப்பாங்க. தப்பு எங்க மேலதான். பரீட்சையில பையன் 'டேக்கிங் டுடே ஆஃப்'னு எழுதினா நானே முட்டை போடுவேன். லீவ் லெட்டர்னா ஹெட்மாஸ்டருக்கு எழுதுறது மட்டும்தான்னு பழக்கி வச்சிருக்கோம். அதே காய்ச்சலை கூட்டாளிக்கு ஒரு மாதிரி, ஆபீசுக்கு ஒரு மாதிரி, கலெக்டருக்கு ஒரு மாதிரி எழுதுன்னு ஒரு பீரியட் எடுத்திருந்தா இந்தப் பையன் தலைகுனிஞ்சிருக்க மாட்டான். அதுக்காக மீட்டிங்ல வாசிச்சுக் காட்டுறது என்ன பழக்கம்?

கும்பகோணம்_டிகிரி:
அது அநாகரிகம்தான், ஒத்துக்கிறேன். 'நீட்ஃபுல்'ல ஒத்துக்க மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி இப்ப தலைகீழா மாறிட்டான். பொங்கலுக்கு வந்தப்ப, பயிர்க்கடன் விஷயமா பேங்க்குக்கு ஒரு லெட்டர் எழுதுடான்னார் அப்பா. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. இவன் 'ஹாய் சார், குயிக் ஃபாலோ அப்'னு ரெண்டு வரி எழுதி நீட்டினான். அப்பா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, நேரா தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போய் அம்பது ரூபா குடுத்து வேற எழுதி வாங்கிட்டார்.