மாமாவுக்கு வந்த கடன் கடிதம்: புதுப்பிப்பு

அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றி, இப்போது கொக்குவிலில் எங்களுடன் வசிக்கும் மாமாவுக்கு இயலாமைக் கொடுப்பனவு மிகையாக வழங்கப்பட்டுவிட்டதென்றும், அதைத் திருப்பிச் செலுத்த வேண்டுமென்றும் அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்திடமிருந்து கடிதம் வந்ததைப் பற்றி முன்பு எழுதி, ஆலோசனை கேட்டிருந்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது. 18 வயதைக் கடந்த பிள்ளைக்கான மேலதிகத் தொகை, 23 வயதுவரை, அதுவும் படித்துக்கொண்டிருந்தால் மட்டுமே உரியது. மகன் படிப்பை இடைநிறுத்தியதை மாமா அறிவிக்கவில்லை. எனவே கடன் தவறென்று மறுத்து வாதிடாமல், அதை ஏற்றுக்கொண்டு தள்ளுபடி கோரியிருக்கிறோம். இவ்விரண்டும் வெவ்வேறு வழிகள் என்பதை நான் முன்னர் விளங்கிக்கொள்ளவில்லை. தள்ளுபடி கோர ஓராண்டு அவகாசம் உண்டு; ஆயினும் 30 நாட்களுக்குள் எழுத்தில் கோரினால்தான், முடிவு வரும்வரை மாதக் கொடுப்பனவில் கழிக்காமல் இருப்பார்கள். கடிதம் கிடைத்தவுடன் திகதியைப் பாருங்கள் என்று இதனாலேயே வற்புறுத்துகிறேன்.

தள்ளுபடி கோருவதற்காக, வருமானம், செலவு, சொத்து அனைத்தையும் கேட்கும் 5655ஆம் இலக்கப் படிவத்தை நிரப்ப இரண்டு இரவுகள் தேவைப்பட்டன. அம்மா கொப்பியில் எழுதிவைத்திருந்த மருந்துச் செலவுக் கணக்கு அப்போது பேருதவியாக இருந்தது.

பதில் இன்னும் வரவில்லை. மறுத்தால், தவணை முறையில் செலுத்த அனுமதி கேட்போம்.