திரில்லிங்டன் எல்பி: லிஃப்ட் சங்கீதம் என்று ஒதுக்குவது நியாயமா?

ஊசிமுனை:
நியாயம்தான், லிஃப்டில் யாரும் கவனிக்காமல் ஓடும் பின்னணி இசை மாதிரிதான் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியின் 'ராம்' ஆல்பம் வந்தது 1971 மே. அடுத்த மாதமே லண்டன் அபே ரோட் ஸ்டுடியோவில் மூன்றே நாளில் அதே பாட்டுகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிப் பதிவு செய்தார்கள். அரேஞ்சர், அதாவது பாட்டை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவர், ரிச்சர்ட் ஹியூசன். மெக்கார்ட்னி தன் புதுக் குழு விங்ஸைத் தொடங்கியதும் டேப் அலமாரிக்குள் போய்விட்டது. 1977-இல் பெர்சி 'திரில்ஸ்' திரில்லிங்டன் என்ற இல்லாத ஆள் பேரில் வெளிவந்தது. அந்த ஆள் இன்று எங்கே போகிறார் என்று லண்டன் பத்திரிகைகளில் வரி விளம்பரம் வேறு! மெக்கார்ட்னி வாய் திறந்து ஒப்புக்கொண்டது 1989-இல். இந்த வேடிக்கையைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு வயலினைச் செருகியது.

தாளக்கட்டு:
வயலினை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். கீழே கேளுங்கள் சார். பேஸ் ஹெர்பி ஃப்ளவர்ஸ். அடுத்த வருடம் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' வாசித்த அதே கை. டிரம்ஸ் 'டெல்ஸ்டார்' புகழ் கிளெம் கட்டினி. கிட்டார் ஜேம்ஸ் பாண்ட் தீம் வாசித்த விக் ஃப்ளிக். லிஃப்ட் சங்கீதத்தில் ரிதம் செக்‌ஷன் (பேஸ், டிரம்ஸ், கிட்டார்) தூங்கும், இதில் அதுதான் வண்டியை இழுக்கிறது. ஸ்விங்கிள் சிங்கர்ஸ் என்ற பாடகர் குழு வார்த்தையில்லாமல் பாடுவதும் கோரஸ் மாதிரி அல்ல, காற்று வாத்தியங்களோடு சேர்ந்த இன்னொரு வாத்தியம் மாதிரி.

ஊசிமுனை:
வாசித்தவர்கள் சூரர்கள், ஒப்புக்கொள்கிறேன். பாட்டுத் தேர்வுதான் கோளாறு. தேர்வே இல்லை, வரிசையாக அப்படியே எடுத்திருக்கிறார்கள். 'மங்க்பெரி மூன் டிலைட்' மெட்டில் பெரிதாக ஒன்றும் கிடையாது, தொண்டை கிழியக் கத்துவதுதான் பாட்டே. கத்தலை எடுத்தால் காலி. 'ஸ்மைல் அவே', '3 லெக்ஸ்' இரண்டும் அதே கதை. நான்கைந்து சுரத்துக்குள் சுற்றும் ப்ளூஸை எந்த வாத்தியத்துக்குக் கொடுத்தாலும் நீளாது. இன்னொன்று: 'அங்கிள் ஆல்பர்ட்', 'லாங் ஹேர்டு லேடி', 'பேக் சீட்' மூன்றிலும் மூலத்திலேயே ஆர்க்கெஸ்ட்ரா உண்டு. ஹியூசன் புதிதாக என்ன சேர்த்தார்?

தாளக்கட்டு:
ப்ளூஸ் விஷயத்தில் வாதாட மாட்டேன். ஆனால் 'டியர் பாய்'? மூலத்தில் குரல்மேல் குரல் அடுக்கி, நடுக்குரல் என்ன பாடுகிறது என்று பிரித்துக் கேட்கவே முடியாது. இங்கே ஒவ்வொரு இழையும் தனி வாத்தியத்துக்குப் போவதால் எதிர்மெட்டுகள் பளிச்சென்று நிற்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினொன்றில் ஐந்தாறு தேறும்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். பீட்டில்ஸின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' பாட்டில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஏற்றிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நொட்டேஷன் எழுதியவரே இந்த ஹியூசன்தான். மெக்கார்ட்னி 1970 ஏப்ரலில் கடிதம் போட்டு, வயலின், கொம்பு, குரல் எல்லாவற்றையும் குறை, ஹார்ப்பை அடியோடு எடு, இனி இப்படிச் செய்யாதே என்று காய்ச்சியிருந்தார். ஒரு வருடம் கழித்து அதே ஆளைக் கூப்பிட்டு முழு ஆல்பத்தையும் கொடுக்கிறார். கோபம் வயலின் மேல் இல்லை, கேட்காமல் வைத்தார்கள் என்பதில்தான்.

பழந்தட்டு:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம்: இருவரும் கேட்பது எந்தப் பிரதி? 1977 தட்டின் பக்கக் கடைசிகள் 'ஸ்மைல் அவே', 'பேக் சீட்'. 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 51 செ.மீ. ஓடும், 60 மி.மீ. ஆரத்துக்கு வந்தால் வெறும் 21. அதே உச்சசுரம் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால் பித்தளை வாத்தியம் கரகரக்கும். அதை "மலிவான அரேஞ்ச்மென்ட்" என்று எழுதிவிடுகிறார்கள்.

முதலில் சுத்தம்: காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர், அயனியற்ற சோப்புத் திரவம் நான்கைந்து சொட்டு. பள்ளத்தின் போக்கிலேயே பிரஷ் ஓட்டி, பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலசியே தீர வேண்டும். அலசாமல் விட்டால் சோப்பு காய்ந்து ஊசியில் பஞ்சு மாதிரி சுற்றும். அப்புறம் இசை முடியும் இடத்தை மையத்திலிருந்து ஸ்கேலால் அளங்கள். 66 மி.மீ.க்கு உள்ளே போனால் ஸ்டீவன்சன் அலைன்மென்ட், இல்லையென்றால் பேர்வால்ட் போதும் (இரண்டும் ஊசி பள்ளத்தில் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் முறைகள்). ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் நிறுவனம் சொல்லும் ஊசி எடைக்குக் கீழே இறக்காதீர்கள். குறைந்த எடையில்தான் ஊசி துள்ளிப் பள்ளத்தைக் கெடுக்கும்.

ஊசிமுனை:
என்னிடம் இருப்பது 2018 மறுபதிப்பு சிடி அண்ணே. ஊசியே கிடையாது, ஆனாலும் 'மங்க்பெரி' எனக்கு லிஃப்ட்தான்.

தாளக்கட்டு:
சிடி என்றால் 'ராம்' தட்டோடு மாற்றி மாற்றிக் கேட்கும்போது சத்தத்தை முடிந்தவரை துல்லியமாகச் சமன் செய்துகொள்ளுங்கள். சத்தமாக ஓடுவதுதான் எப்போதும் ஜெயிக்கும். 'டியர் பாய்' இரண்டையும் அப்படிக் கேட்டுவிட்டு வாருங்கள். 'மங்க்பெரி'யை உங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்.