ஒரே பெட்டிக்குள் இரண்டு சென்சர், ஒன்று 25, மற்றது 300: எதை நம்புவது?

செம்மண் (கிளிநொச்சி):
வணக்கம். இரணைமடுப் பக்கம் உள்ள எங்கள் பாடசாலைத் தாழ்வாரத்தில் காற்றுத் தரம் பார்க்கும் சிறிய கருவி ஒன்று தொங்குகிறது. உள்ளே பி.எம்.எஸ் 5003 வகை லேசர் சென்சர் இரண்டு, ஏ, பி என்று. இரண்டும் காட்டுவது பி.எம் 2.5, அதாவது காற்றில் உள்ள நுண்தூசின் அளவு. மாரி தொடங்கும்வரை இரண்டும் ஒட்டியே ஓடின. இப்போது ஏ 25 காட்டினால் பி 300க்கு மேல் நிற்கிறது. மழை பெய்தாலும் பி இறங்குவதில்லை. அதோடு விடியப்புறம் இரண்டுமே ஏறி, வெயில் வந்த பிறகு இறங்குகின்றன. பக்கத்து வயலில் வெட்டு மெசின் ஓடுகிறது, முன்னால் கிறவல் றோட்டு. கழற்றித் துடைக்கலாமா? 2022 டிசம்பரில் காற்று கெட்டு நாடு முழுக்கப் பாடசாலை மூடியதிலிருந்து அதிபர் இந்த எண்ணைத்தான் காலையில் முதலில் கேட்கிறார்.

வயர்க்கட்டு (வவுனியா):
சேர், இவை இரண்டு வெவ்வேறு விஷயம். விடியப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறுவது பழுதில்லை, தை மாதப் பனி. இந்தச் சென்சர் தூசை நிறுப்பதில்லை. லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஈரம் குடித்து ஊதிய துணிக்கையும் பனித்துளியும் அதற்குப் பெரிய தூசுதான்.

பி தனியே உயர நிற்பதுதான் பழுது. மழைக்கும் இறங்கவில்லை என்றால் அனேகமாகச் சிலந்தி வலையோ பூச்சியோ லேசர் போகும் வழியில் கிடக்கிறது. துடைக்க வேண்டாம், உலோகக் கூட்டைத் திறக்கவே வேண்டாம். கறன்டை நிறுத்திவிட்டு, கமரா லென்ஸ் ஊதும் ரப்பர் புளோவரால் விசிறித் துவாரத்திலும் பக்கத்துச் சிறு துவாரத்திலும் விட்டு விட்டு ஊதுங்கள். பிறகு காதை வைத்துக் கேளுங்கள், விசிறி மெல்லிய இரைச்சலோடு சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் வயரைப் பாருங்கள். இதற்கு 5 வோல்ட் வேண்டும், 4.5க்குக் கீழே போனால் சரிவராது. நீளமான மலிவு வயரில் வோல்ட் குறையும்.

முறிகண்டி:
புளோவர் தேடி அலைவானேன்? கராஜில் கொம்பிறசரால் ஒரு அடி அடித்தால் முடிந்தது.

வயர்க்கட்டு:
அண்ணை, அந்தத் தாங்கியில் தண்ணீரும் எண்ணெயும் நிற்கும். இரண்டும் தெறித்து உள்ளே ஒட்டும். அந்த அமுக்கத்தில் சின்ன விசிறியும் கண்டபடி சுழன்று கெடும். சைக்கிள் பம் என்றால் பரவாயில்லை.

தள்ளாடி (மன்னார்):
நான் பீற்றா வகைப் பெரிய கருவிகளுக்கு சேர்விஸ் செய்பவன். அது நிமிடத்துக்கு 16.7 லீற்றர் காற்றை இழுத்து, உள்ளே சூடாக்கி, நாடாவில் தூசைப் பிடித்து, பீற்றாக் கதிரால் அளக்கும். அதனால் பனி அவ்வளவு ஏமாற்றாது. சூடாக்கி இல்லாத உங்கள் கருவிக்கு ஈரப்பதனை வைத்துத் திருத்துவதுதான் வழி. அமெரிக்க சுற்றாடல் முகவரகம் இதற்கென்றே ஒரு சூத்திரம் போட்டிருக்கிறது: கருவியின் எண் × 0.524, அதிலிருந்து ஈரப்பதன் சதவீதம் × 0.0862 கழித்து, 5.75 கூட்ட வேண்டும். அங்கத்தைய காற்றுக்குப் போட்டது, வன்னிக்கு அப்படியே பொருந்தும் என்று எழுதி வைக்காதீர்கள். பச்சையாக எடுப்பதை விட நல்லது, அவ்வளவுதான்.

செம்மண்:
ஊதினேன். பி துவாரத்திலிருந்து வலைத் துண்டும் மண்குளவி கட்டிய மண்ணும் உதிர்ந்தன. இப்போது ஏ 22, பி 24. அப்புறம், அதிபருக்கு எந்த எண்ணைச் சொல்வது?

தள்ளாடி:
விடியற்காலை எண்ணைச் சொல்லாதீர்கள். நம் நாட்டு நியமம் பி.எம் 2.5க்கு 24 மணிநேரச் சராசரி 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இரண்டுமே கன மீற்றருக்கு, முழு நாள் சராசரி. ஒரு நொடி எண்ணை அதோடு ஒப்பிட்டால் அதிபர் வீணாகப் பதறுவார். வைக்கல் எரிக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து ஏறினால் அது மெய்யான புகை. அப்போது பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள், சராசரி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

செம்மண்:
சரி. திரும்பக் குளவி வராமல் நுளம்பு வலை கட்டலாமா?

வயர்க்கட்டு:
நுண்கண் வலையில் கிறவல் தூசு அடைத்துக் காற்றே போகாது. கொஞ்சம் பெரிய கண் கம்பிவலை குளவிக்குக் காணும், சிலந்திக்குக் காணாது. மாதம் ஒருக்கா ஏயையும் பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விலகினால் மட்டும் ஊதுங்கள். பூச்சி மருந்து மட்டும் அந்தப் பக்கம் அடித்துவிடாதீர்கள். உள்ளே எண்ணெய்ப் படலம் ஒட்டினால் ஊதியும் போகாது, பிறகு சென்சரையே மாற்ற வேண்டியதுதான்.