அப்பாவின் ஸ்வெட்டர்: முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துவரவில்லை, வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை மகள்

வணக்கம். அப்பாவுக்காகக் குரோஷா ஊசியில் முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு வேலை மீன் குளிர்பதனக் கிடங்கில். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குவதும் எடுத்துக் கொடுப்பதும்தான் நாள் முழுக்க. உள்ளே மைனஸ் 18 டிகிரி. கதவைத் திறந்து வெளியே வந்தால் காசிமேட்டு வெயில். கிடங்கில் கொடுத்த கோட்டு பல கை மாறியது. தோளில் இருக்க வேண்டிய பஞ்சு இறங்கி அடியில் மூட்டையாகக் கிடக்கிறது. போன மார்கழியில் தோள் பிடித்துக்கொண்டு பத்து நாள் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. தினமும் சட்டை மாட்டிவிட்டவள் நான். அந்தப் பத்து நாளில்தான் இதைப் பின்னுவது என்று முடிவு செய்தேன்.

தங்கசாலைக்குப் போய், சவுகார்பேட்டைச் சந்து ஒன்றில் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் வாங்கினேன். 100 கிராம் கண்டுகள் எட்டு, கருநீலம். ஊசி 4 மி.மீ. அப்பாவுக்கு மார்பு 40 அங்குலம். தாராளமாக இருக்கட்டும் என்று 44 வைத்து, முன்னும் பின்னும் 22 அங்குலமாகப் பிரித்துக்கொண்டேன்.

பின்பக்கத்தை ஒரு வீடியோவைப் பார்த்துப் பின்னினேன். 88 கண்ணி, 50 வரிசை, எல்லாம் 'டபுள்' என்கிற பின்னல். அளந்தால் அகலம் 22, உயரம் 22, அச்சாக வந்தது. இரண்டரைக் கண்டு ஆனது. முன்பக்கத்துக்குக் கழுத்து வளைவு வேண்டுமே. அந்த வீடியோவில் கழுத்து இல்லை. எங்கள் ஆயா பெண்பிள்ளையாக இருந்தபோது ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகளிடம் தையல் கற்றவர். அவருடைய நோட்டுப் புத்தகம் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. ஆண்கள் ஸ்வெட்டருக்குக் கழுத்துக் கணக்கு அதில் தெளிவாக எழுதியிருக்கிறார். அதிலும் 'டபுள்' என்றுதான் போட்டிருக்கிறது. அதே நூல், அதே ஊசி, அதே 88 கண்ணி. 50 வரிசை முடித்து அளந்தால் உயரம் 10 அங்குலம்தான். அகலம் பத்தொன்பதரை. பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் கம்பி தெரிகிறது, முன்பக்கம் பாய் போலத் தடித்துக் கிடக்கிறது. இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தபோது அழுகை வந்துவிட்டது.

ஒன்று மட்டும் கவனித்தேன். வரிசை திரும்பும்போது வீடியோவில் 3 சங்கிலி போடச் சொன்னார்கள். ஆயா நோட்டில் 1 சங்கிலிதான். இது காரணமாக இருக்குமா? என் கை இறுகிவிட்டதா? ஆயா எழுதியதில் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரம்பூர் டீச்சர்

மகளே, உன் கையிலும் தவறில்லை, உன் ஆயாவின் நோட்டிலும் தவறில்லை. விடையை நீயே எழுதிவிட்டாய், அந்த 3 சங்கிலியும் 1 சங்கிலியும்தான் அது.

குரோஷா பின்னலுக்குப் பெயர் வைப்பதில் பிரிட்டிஷ் முறை ஒன்று, அமெரிக்க முறை ஒன்று. பிரிட்டிஷ்காரர்கள் 'டபுள்' என்று சொல்வதை அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்கிறார்கள். அமெரிக்கர்களின் 'டபுள்' பிரிட்டிஷ்காரர்களுக்கு 'ட்ரெபிள்'. நம் ஊர் கான்வென்ட்டுகளில் கற்றுக்கொடுத்தது பிரிட்டிஷ் முறை. நானும் அப்படித்தான் கற்றேன், முப்பது வருடம் அப்படியேதான் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இன்று வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள்தான். 'சிங்கிள்' என்ற சொல் எங்காவது வந்தால் அது அமெரிக்க முறை என்று தெரிந்துகொள்.

பெயரை விட்டுவிட்டு ஊசியைப் பார். ஆயாவின் டபுளில் ஊசியை நேராகக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுப்பாய். ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். நூலைச் சுற்றி இரண்டையும் ஒரே இழுப்பில் முடித்துவிடுவாய். கண்ணி குள்ளமாக, நெருக்கமாக உட்காரும். வீடியோவின் டபுளில் உள்ளே விடுவதற்கு முன்பே நூலை ஒரு முறை ஊசியில் சுற்றிக்கொள்கிறாய். அதனால் மூன்று வளையம் நிற்கும். இரண்டிரண்டாக, இரண்டு தடவையில் இறக்குகிறாய். கண்ணி காலை நீட்டி எழுந்து நிற்கும். அந்த உயரத்துக்கு ஏறத்தான் வரிசை திரும்பும்போது 3 சங்கிலி; குள்ளக் கண்ணிக்கு 1 போதும். ஒன்றின் உயரம் மற்றதில் பாதிக்கும் குறைவு. உன் 22-ம் 10-ம் அதிலிருந்து வந்தவை.

ஒரு பக்கம் தடிமனும் மறுபக்கம் மெல்லிசுமாகச் சேர்த்துத் தைக்காதே. தடித்த பக்கம் கனத்தில் இறங்கும், தோள் முன்னால் இழுக்கும், இரண்டாவது துவைப்பிலேயே கோணிக்கொள்ளும். நானாக இருந்தால் பின்பக்கத்தைப் பிரித்துவிட்டு முழுவதையும் ஆயாவின் டபுளிலேயே பின்னுவேன். குளிருக்கு நெருக்கமான பின்னல்தான் நல்லது. அகலம் 22 வர 99 கண்ணி போட வேண்டும்; உயரத்துக்கு 110 வரிசை. நூல் கூடுதலாகப் பிடிக்கும், எட்டுக் கண்டு போதாது. வாங்கப் போகும்போது பழைய கண்டின் லேபிளை எடுத்துப் போ. அதில் சாயத் தொகுதியின் எண் இருக்கும். எண் மாறினால் கருநீலம் என்று கொடுத்ததும் வேறு நீலமாக இருக்கும். கடை விளக்கில் அது தெரியாது.

இனிமேல் எதைத் தொடங்கினாலும் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று முதலில் பின்னு. துவைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டு, நடுவில் நான்கு அங்குலத்துக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணு.

தண்டையார்பேட்டை மகள்

டீச்சர், நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆயா 'ட்ரெபிள்' என்று தனியாகவும் எழுதியிருக்கிறார், குழந்தைத் தொப்பிப் பக்கத்தில். பக்கத்தைப் புரட்டியிருந்தால் புரிந்திருக்கும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து இருபத்தைந்து நாளாகப் பின்னியது அந்தப் பின்பக்கம். வேர்வையில் நூல் விரலில் ஒட்டாமல் இருக்கப் பவுடர் தடவிக்கொண்டு பின்னினேன். அதைப் பிரிக்க மனம் வரவில்லை. மெல்லிசாக இருந்தால் உண்மையிலேயே குளிர் உள்ளே வந்துவிடுமா?

எண்ணூர் அண்ணன்

சகோதரி, எனக்குப் பின்னல் தெரியாது. குளிர்பதனக் கிடங்கு தெரியும், பதினான்கு வருடம் உள்ளே நின்றிருக்கிறேன். என் மனைவி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்தான் போடுகிறேன். டீச்சர் மன்னிக்க வேண்டும், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே போவதில்லை, மேலே கோட்டு இருக்கிறது. குளிரூட்டியின் விசிறிக்காற்றைத் தடுப்பது கோட்டின் வேலை. அடியில் இருக்கும் ஸ்வெட்டர் காற்றைப் பிடித்து அசையாமல் வைத்திருந்தால் போதும், உடம்புச் சூடு அதில் தங்கும். அதற்குக் கொஞ்சம் துளை இருப்பது நல்லதுதான். பாய் போலத் தடித்த ஸ்வெட்டரைப் போட்டால் கோட்டின் கைக்குள் முழங்கை மடங்காது. உங்கள் அப்பா தலைக்கு மேல் பெட்டி தூக்குகிறவர். ஏற்கெனவே தோள் பிடித்தவருக்கு அது சரிப்படாது.

குளிர் நுழைகிற இடம் மணிக்கட்டும் கழுத்தும் இடுப்பும்தான். அங்கே இறுக்கமாகப் பின்னுங்கள். மணிக்கட்டுப் பட்டையை நான்கு அங்குலம் நீளமாக வையுங்கள், கையுறைக்குள் போக வேண்டும். முன்பக்கம் ஜிப் வேண்டாம். உலோகம் குளிர்ந்து தாடையில் படும்போது சுடுவது போல இருக்கும். தலைவழியாக மாட்டுகிற மாதிரியே போதும்.

இன்னொன்று. வெளியே வந்தவுடன் குளிர்ந்த கோட்டின்மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். அதோடு உள்ளே போனால் அது உறையும். உள்ளே போட்ட பருத்திப் பனியன் வேர்வையில் நனைந்திருந்தால் அதைவிடக் கெடுதல். மாற்றுப் பனியன் இரண்டு கொடுத்து அனுப்புங்கள், மதியம் மாற்றச் சொல்லுங்கள். கம்பளி கலந்த நூல் வாங்கியது நல்ல காரியம். கம்பளி கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் உடம்பில் சில்லென்று ஒட்டாது. கோட்டு விஷயத்தை அப்பாவை மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் கேட்டு எனக்கு இரண்டு வருடம் கிடைக்கவில்லை, எழுதிக் கொடுத்த மாதமே கிடைத்தது.

கொருக்குப்பேட்டை அத்தை

எதைப் பிரித்தாலும் அவசரப்பட்டு அதே நூலில் உடனே பின்னத் தொடங்காதே அம்மா. பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அந்தச் சுருளோடு பின்னினால் கண்ணி ஒன்றும் சீராக வராது. எங்கள் அம்மா வீடு கோதாவரிப் பக்கம் நர்சாபூர். வீட்டுக்கு வீடு திண்ணையில் குரோஷா லேஸ் பின்னும் ஊர் அது, வெள்ளைக்காரப் பாதிரிமார் மனைவிகள் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து. பருத்தி நூலில் மேசைவிரிப்பு பின்னுவார்கள், ஒரு பூ கோணினாலும் மொத்தமாகப் பிரித்துவிடுவார்கள்.

நூலை வெட்டாமல் பிரித்துக்கொண்டே நாற்காலியின் முதுகில் சுற்று. நான்கு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். பிழியாதே, துண்டில் சுருட்டி ஒற்றி எடு. நிழலில் தொங்கவிட்டு அடியில் ஒரு கரண்டியைக் கட்டிவிடு, அந்தக் கனத்தில் சுருள் நீண்டுவிடும். இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதே, அக்ரிலிக் சூட்டில் தளர்ந்து உயிர் போய்விடும். முடிந்த ஸ்வெட்டரையும் கொடியில் போடக் கூடாது, ஈரக் கனத்தில் முழங்கால் வரை இறங்கும். பாயில் விரித்துக் காயவை. மீன் வாசனைக்கு மெல்லிய சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும், வெந்நீர் விட்டால் கம்பளி சுருங்கிவிடும்.

பெரம்பூர் டீச்சர்

எண்ணூர் தம்பி சொல்வது சரி. நான் கோட்டை மறந்துவிட்டேன். தோள் வலியையும் யோசிக்கவில்லை. மகளே, பின்பக்கம் அப்படியே இருக்கட்டும். முன்பக்கத்தைப் பிரித்து ட்ரெபிளில் பின்னு. கழுத்துக்கு ஆயா கொடுத்த வரிசை எண்ணிக்கையை எடுக்காதே, அங்குலத்தை எடு. அவர் 15 வரிசை என்றால் அது 3 அங்குலம். உனக்கு ஏழு வரிசையில் வந்துவிடும்.

தண்டையார்பேட்டை மகள்

நோட்டில் 15 வரிசை என்றேதான் இருக்கிறது டீச்சர், பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள். ஏழு வரிசை பின்னி அளந்தேன், 3 அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதல், அவ்வளவுதான்.

முன்பக்கத்தைப் பிரித்தது அப்பா. நான் ஊசியை உருவியதும் நுனியை வாங்கிக்கொண்டு, நாற்காலியை எதிரே போட்டு, இழுக்க இழுக்கச் சுற்றினார். சிறு வயதில் தாத்தாவோடு வலை சரிபார்த்த கை அது. ஓர் இடத்தில் நூல் சிக்கியதும் இழுக்காமல் நிறுத்தி, நகத்தால் கண்ணியைத் தளர்த்திவிட்டு மேலே போனார். ஒன்றேகால் கண்டு நூல், ஓர் இடத்திலும் அறுபடவில்லை. அத்தை சொன்னபடி ஊறவைத்து, சாம்பார்க் கரண்டியைக் கட்டி, மாடிப்படியின் நிழலில் தொங்கவிட்டேன்.

இன்றோடு முன்பக்கம் முடிந்தது, ஓரம் ஓரமாகப் பின்பக்கத்தோடு சேர்ந்துவிட்டது. வலது கை முழங்கை வரை வந்திருக்கிறது. இரண்டு கைக்கும் பட்டைகளுக்கும் சேர்த்து மூன்று கண்டு மிச்சம் இருக்கிறது. மணிக்கட்டுப் பட்டை நான்கு அங்குலம், ஆயாவின் டபுளில். கோட்டு வேண்டும் என்று அப்பா எழுதிய தாளை நான் நல்ல கையெழுத்தில் படி எடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கிறார்.