சர்ச்சில் விருந்து வைத்தே காரியம் சாதித்தாராமே, உண்மையா?

கொள்ளிடத்தான்:
இரண்டாம் உலகப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டாலினோடு வாரம் ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட முடிந்தால் தகராறே இருக்காது என்று சர்ச்சில் சொன்னதாகப் பல இடங்களில் வருகிறது. பீரங்கி பேசுகிற காலத்தில் சாப்பாட்டு மேசைக்கு என்ன வேலை? நிஜமாகவே எதையாவது சாதித்தாரா, இல்லை குடிப்பதற்கு ஒரு சாக்கா?

பந்திக்காரன்:
குடிக்க அவருக்குச் சாக்கு வேறு வேண்டுமா! ஹோட்டலில் பாங்க்வெட் கேப்டனாக இருந்தவன் நான். எந்த விருந்தைப் பற்றிப் படித்தாலும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.

1943 நவம்பர், டெஹ்ரானில் மூன்று தலைவர்களும் கூடிய மாநாடு. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சோவியத் தூதரக வளாகத்துக்கே குடிபோய்விட்டார். தனியாக மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று சர்ச்சில் கூப்பிட்டும் வரவில்லை. 29-ஆம் தேதி ராத்திரி ஸ்டாலின் வைத்த விருந்தில், போர் முடிந்ததும் ஜெர்மன் அதிகாரிகள் 50,000 பேரைச் சுட வேண்டும் என்று ஸ்டாலின் சொல்ல, 49,000 போதுமே என்று ரூஸ்வெல்ட் கிண்டலடித்தார். சர்ச்சில் விருட்டென்று எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டார். ஸ்டாலினே பின்னால் போய், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அழைத்துவந்தார்.

மறுநாள் விருந்து என் முறை என்று சர்ச்சில் பிடித்துக்கொண்டார். அகரவரிசையில் பிரிட்டன்தான் முதலில், மூவரில் மூத்தவன் நான், எங்கள் அரசாங்கம்தான் பழையது, போதாததற்கு எனக்கு 69-ஆவது பிறந்தநாள். யாரால் மறுக்க முடியும்? ஓரங்கட்டப்பட்ட மனிதர் ஒரே ராத்திரியில் நடு நாற்காலிக்கு வந்துவிட்டார்: வலப்பக்கம் ரூஸ்வெல்ட், இடப்பக்கம் ஸ்டாலின்.

ஸ்டாலின் தன் முன்னால் வரிசையாக இருந்த கத்தி, முள்கரண்டிகளைப் பார்த்துவிட்டு, எதை எப்போது எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் மொழிபெயர்ப்பாளர் பர்ஸிடம் கேட்டிருக்கிறார். பாதி ஐரோப்பாவை நடுங்க வைத்தவர்! எங்கள் ஹோட்டலில் கோடீஸ்வரர்களே அப்படித் திருதிருவென்று விழித்ததைப் பார்த்திருக்கிறேன். வந்தவர் கூச்சப்படக் கூடாதே. அதனால்தானோ என்னவோ, ரஷ்ய வழக்கப்படி யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வாழ்த்துச் சொல்லிக் குடிக்கலாம் என்று சர்ச்சில் ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார்.

அதில்தான் ஒரு வம்பு. பிரிட்டிஷ் தரைப்படைத் தலைமைத் தளபதி புரூக்குக்கு ரூஸ்வெல்ட் வாழ்த்துச் சொன்னபோது ஸ்டாலின் குறுக்கிட்டு, இவருக்கு எங்கள் சோவியத் செஞ்சேனைமேல் நட்பே கிடையாது என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார். புரூக் எழுந்தார். எதிரியை ஏமாற்ற நாம் பொம்மை டாங்கிகளை நிறுத்துகிறோம், நீங்களும் பொம்மையைப் பார்த்துவிட்டு என் நிஜமான நட்பைக் கவனிக்காமல் விட்டீர்களோ என்றார். ஸ்டாலினுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாநாட்டு அறையில் இந்தக் குற்றச்சாட்டு வந்திருந்தால் எத்தனை கடிதம் எழுத வேண்டியிருக்கும்!

மேலமாசி:
கதை நன்றாக இருக்கிறது, ஆனால் பிரான்ஸில் படையிறக்கும் முடிவு அன்று பகலிலேயே ஸ்டாலினுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ராத்திரி விருந்து அதில் ஒன்றையும் மாற்றவில்லை. சர்ச்சில் எத்தனை விருந்து வைத்தும் போலந்து ஸ்டாலின் பிடியிலிருந்து தப்பவில்லை. டெஹ்ரானில் பிறந்தநாள் கேக்கில் 69 மெழுகுவத்தி எரிந்த அந்த வருஷம்தான் வங்காளத்தில் லட்சக்கணக்கில் பட்டினிச் சாவு. கேட்ட அளவுக்குத் தானியத்தை லண்டன் அனுப்பவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்த மேசையைப் பார்க்க வேண்டும்.

பந்திக்காரன்:
வங்காளம் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுப்பே இல்லை. டெஹ்ரான் விருந்து எதையும் தீர்மானிக்கவில்லை என்பதும் சரி. ஆனால் 1942 ஆகஸ்ட் மாஸ்கோவைப் பாருங்கள். ஜெர்மனியை மேற்கிலிருந்தும் தாக்கும் இரண்டாவது போர்முனை இந்த வருஷம் ஐரோப்பாவில் கிடையாது என்ற கெட்ட செய்தியோடு போனவர் சர்ச்சில். உங்களுக்கு ஜெர்மானியரைக் கண்டால் பயமா என்கிற அளவுக்கு ஸ்டாலின் குத்திப் பேசினார்.

கடைசி நாள் சாயங்காலம் விடைபெறப் போனவரை, வாருங்கள், என் வீட்டில் குடிக்கலாம் என்று ஸ்டாலினே கூட்டிப்போனார். மகள் ஸ்வெத்லானாவை அறிமுகப்படுத்தினார். வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவை வரவழைத்து இரண்டு பேருமாகக் கலாய்த்தார்கள். விடிகாலையில் விமானம் ஏற வேண்டிய சர்ச்சில், நள்ளிரவு தாண்டியும் எழுந்திருக்கவில்லை. அங்கே இவர் வெறும் விருந்தாளிதான், ஆனாலும் கிளம்புகிற அவசரத்தைக் காட்டவே இல்லை பாருங்கள்.

ராத்திரி ஒரு மணி வாக்கில் கூட்டறிக்கை வரைவைத் தூக்கிக்கொண்டு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை உயரதிகாரி கடோகன் வந்தார். மேசைக்கு அப்போதுதான் முழுப் பன்றிக்குட்டி வறுவல் வந்திருந்தது. அவர் வேண்டாம் என்றதும் ஸ்டாலின் தனியாளாக அதை ஒரு கை பார்த்தார். அறிக்கையையும் அங்கேயே முடித்துவிட்டார்கள்.