கைபேசி போனால் எல்லாமே பூட்டிக்கொள்கிறது: குறை எங்கே?

தாழ்ப்பாள்:
தொழில்நுட்பத்தையே நம்பியிருப்பதன் கேடு என்றால் கண் வலி, தூக்கக் கேடு என்றுதான் பேசுகிறோம். இதைக் கவனியுங்கள். வங்கிக்கு ஓடிபி கைபேசியில் வருகிறது. மின்னஞ்சல் கடவுச்சொல்லை மீட்கவும் அதே எண். கைபேசிக் கணக்கை மீட்க அதே மின்னஞ்சல். கைபேசி தண்ணீரில் விழுந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நிலைதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் முடங்கியதே, அப்போது பழுதைக் கண்டறியும் உள் கருவிகள் பலவும் சேர்ந்தே செயலிழந்தன. அவர்களுக்கே அந்தக் கதி.

கல்தச்சன்:
ஏற்க மாட்டேன். ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் வைத்து, ஓரிடத்தில் கசிந்ததும் பத்தையும் இழந்தவர்கள் எத்தனை பேர்! கடவுச்சொல்லுக்கு மேல் ஓடிபியும் கேட்கும் இரண்டாம் பூட்டு அதைத் தடுக்கத்தான் வந்தது. நீங்கள் சொல்லும் வளையத்தை உடைக்க அரை மணி நேரம் போதும். கைபேசி இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகப் போட, கூகுள் கணக்கில் 10 மாற்றுக் குறியீடுகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். ஓடிபி உருவாக்கும் செயலிக்குச் சிக்னலே வேண்டாம். ரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்து, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு புது எண்ணைத் தருகிறது. அந்தச் செயலியைக் கணக்கோடு இணைக்கக் கியூஆர் கட்டம் வரும்போதே அதன் எழுத்துச் சாவியையும் கேட்டு வாங்கித் தாளில் எழுதிவைத்தால், வேறு கருவியிலும் அதே எண்கள் வரும். அந்தக் கருவியின் கடிகாரம் சில நிமிடம் பிசகியிருந்தால் மட்டும் எண் செல்லாது. சாவிதான் தப்பு என்று நினைத்து மறுபடி மறுபடி முயலாமல், முதலில் நேரத்தைத் தானியங்கி அமைப்புக்கு மாற்றுங்கள்.

தாழ்ப்பாள்:
//அரை மணி நேரம் போதும்//
அந்த அரை மணி நேரத்தை யார் ஒதுக்குகிறார்கள்? எல்லாம் தடையில்லாமல் ஓடும்வரை தேவையே தெரிவதில்லை. நான் கேடு என்பது இந்த மெத்தனத்தைத்தான். மாற்றுக் குறியீடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கைபேசியில் வைப்பவர்களும் உண்டு. வீட்டார் எண் ஒன்றுகூட மனப்பாடமாகத் தெரியாதவர், இன்னொருவரின் கைபேசியை வாங்கினாலும் யாரை அழைப்பார்?

நிலைக்கதவு:
இருவருமே தொலைவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். திருடு போனால்? திரையைத் திறக்க வேண்டியதே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் ஓடிபி அங்கே போய்விடும். அதற்குத்தான் சிம் பின் (PIN), அதாவது சிம்மைப் பூட்டும் ரகசிய எண். அதை இயக்கும்போது சிம்மில் ஏற்கெனவே உள்ள பின் எண்ணைக் கேட்கும், ஊகித்துப் போடாதீர்கள். 3 முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பக் (PUK) எண் கேட்கும், அதையும் 10 முறை தவறவிட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். பக் எண் சிம் வந்த அட்டையில் இருக்கும், இல்லையென்றால் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். பூட்டுத் திரையில் குறுஞ்செய்தி வாசகம் தெரிவதையும் நிறுத்துங்கள்.

கல்தச்சன்:
சிம் பின்னை நான் விட்டுவிட்டேன், சரியான திருத்தம். மனப்பாடம் பற்றித் தாழ்ப்பாள் சொன்னதும் நியாயம். மூன்று எண்களாவது தலையில் இருக்க வேண்டும். மற்றபடி என் கட்சி மாறவில்லை. சோதித்துப் பாருங்கள்: கைபேசியை அணைத்துவிட்டு, இதுவரை உள்நுழையாத ஒரு கணினியில், நினைவில் உள்ள கடவுச்சொல்லையும் தாளையும் மட்டும் வைத்து மின்னஞ்சலைத் திறக்க முடிகிறதா?

தாழ்ப்பாள்:
அந்தத் தாளில் கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள், எடுத்தவனுக்கு இரண்டு பூட்டும் திறந்துவிடும். இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு இடம். இவ்வளவையும் பயனரே தேடிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் என் ஆட்சேபம். மாற்றுக் குறியீட்டை எடுத்து வைக்காதவரை இரண்டாம் பூட்டை இயக்கவே விடக்கூடாது.