நட்சத்திரக் கூட்டம் கொலைப் படத்துக்கு பலமா, பாரமா?

கருப்புவெள்ளை: சிட்னி லூமெட்டின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' (1974) மறுபடி பார்த்தேன். கொலை செஞ்சது யாருன்னு தெரிஞ்சும் சலிக்கவே இல்லை. ஆல்பர்ட் ஃபின்னி, லாரன் பக்கால், இங்க்ரிட் பெர்க்மன், ஷான் கானரி, வனெசா ரெட்கிரேவ், ஜான் கீல்கட், ஆண்டனி பெர்கின்ஸ்... எல்லாரும் ஒரே ரயிலுக்குள்ள! இஸ்தான்புல் ஸ்டேஷன்ல எல்லாரும் ஏறி முடிச்சதும் இன்ஜின் விளக்கு எரியும், ரிச்சர்ட் ராட்னி பென்னட்டோட வால்ட்ஸ் இசை ஆரம்பிக்கும் பாருங்க, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் கிளம்புற மாதிரியே இருக்கும். இந்த வகைப் படத்துக்குப் பெரிய நடிகர் பட்டாளம்தான் உயிர். மறுக்கிறவங்க வரலாம்.

மைனர்: வந்துட்டேன். ஸ்டேஷன் காட்சி அருமைதான். ஆனா ரயில் யூகோஸ்லாவியாவுல பனியில மாட்டினதுக்கு அப்புறம்? ஒருத்தர் வர்றார், துப்பறிவாளர் போய்ரோவா வர்ற ஃபின்னி முன்னாடி உட்கார்றார், கொஞ்ச நேரம் நடிச்சிட்டு எழுந்து போறார். அடுத்து இன்னொருத்தர். இது துப்பறியும் படமா, ஸ்டார் நைட்டா? இத்தனை பேருக்கு வசனத்தைப் பங்கு வெச்சதுல யார் மேலயும் ஒட்டுதல் வரலை. ஃபின்னி வேற காது கிழியக் கத்துறார்.

கருப்புவெள்ளை: இங்க ஒட்டுதல் எதுக்குங்க? சந்தேகம் வந்தாப் போதும். சின்ன வேஷத்துல ஒரே ஒரு பெரிய நடிகர் வந்தா, கொலைகாரன் அவர்தான்னு பக்கத்து சீட்டுப் பொடியனே சொல்லிடுவான். லூமெட் அந்த ஓட்டையை அடைச்சிட்டார். எல்லாருமே பெரிய ஆள், டைட்டிலை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பெர்கின்ஸ் 1960ல 'சைக்கோ'வுல நார்மன் பேட்ஸா வந்தவர். இங்கயும் அம்மா பேச்சு வந்தாலே தடுமாறுற செயலாளர். நம்ம சந்தேகம் தானா அவர் மேல பாயுது. புதுமுகத்தைப் போட்டா இது நடக்குமா?

ஆறாம்சீட்டு: அதே 'சைக்கோ'வுல துப்பறிவாளரா வந்த மார்ட்டின் பால்சமும் இந்த ரயில்ல இருக்கார். யாருமே சொல்ல மாட்டீங்களே.

மைனர்: வினாடி வினாவுக்கு ஆகும். கருப்பு, பெர்க்மனுக்கு இந்தப் படத்துக்குத்தான் சிறந்த துணை நடிகை ஆஸ்கர். அவங்களே மேடையில, போட்டியில இருந்த வாலன்டினா கோர்டேசே பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாங்க. வாங்கினவங்களுக்கே கூச்சம்!

கருப்புவெள்ளை: அது அவங்க பெருந்தன்மை. லூமெட் அவங்களுக்குக் கொடுக்க நினைச்சது ரஷ்ய இளவரசி வேஷம். நகையும் தோரணையுமா ஜொலிச்சிருக்கலாம். அதை வேண்டாம்னுட்டு, பயந்த சுபாவமுள்ள ஸ்வீடன் மிஷனரி வேஷத்தைக் கேட்டு வாங்கினாங்க. அவங்க விசாரணைக் காட்சி ஒரே நீள ஷாட், நடுவுல வெட்டே கிடையாது. முடிவு தெரிஞ்சு பார்த்தாத்தான் அந்தத் திணறல்ல எது நிஜம், எது போய்ரோவுக்காகப் போட்டதுன்னு ரசிக்க முடியும். சாதாரண நடிகை இதைத் தாங்க மாட்டாங்க.

நைல்நதி: ரெண்டு பேரும் தப்பான வண்டியில ஏறிட்டீங்க. 1978ல வந்த 'டெத் ஆன் தி நைல்' பாருங்க. பெட்டி டேவிஸும் மேகி ஸ்மித்தும் மாத்தி மாத்திக் கடிச்சுக்கிறது ஒண்ணுக்கே காசு செரிச்சிடும். ஆண்டனி பவலோட உடைகளுக்கு ஆஸ்கர். பீட்டர் உஸ்தினோவ் போய்ரோ, கத்தவும் மாட்டார். கப்பல் மேனேஜரா நம்ம இந்தி நடிகர் ஐ.எஸ். ஜோஹர்! மைனர் கேட்ட ஒட்டுதல் மியா ஃபேரோகிட்ட இருக்கு.

மைனர்: அக்கா சொன்னது நியாயம். அங்க காதல், பொறாமை, பணம் எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி எரியுது. ஓரியன்ட்ல ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்ன சோகம் முழுக்க 1930ல நடந்ததாக் காட்டுற ஆரம்பப் பத்திரிகைத் துணுக்குகளோட சரி. பழக்கமே இல்லாத குழந்தைக்காக ரெண்டு மணி நேரம் யார் உருகுறது?

கருப்புவெள்ளை: அந்தக் கதைக்கு மூலம் 1932ல நடந்த, அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கோட குழந்தைக் கடத்தல். 1934ல அகதா கிறிஸ்டியோட மூல நாவல் வந்தப்போ யாருக்கும் விளக்கத் தேவையில்லை. படத்துல அதை முதல்லயே காட்டினதாலதான், அந்தக் கடத்தலுக்குக் காரணமான ராட்செட் ரயில்ல செத்ததுக்கு நாம ஒரு சொட்டுக் கண்ணீர் விடறதில்லை.

புதுசு: ராட்செட் செத்துடுவாரா?? நான் இன்னும் படமே பார்க்கலைங்க. ஸ்பாய்லர்னு ஒரு வார்த்தை போடக் கூடாதா?

மைனர்: கொலைப் படம்னா யாராவது செத்துத்தானே ஆகணும் தம்பி. பார்த்துட்டு நேரா என் கட்சிக்கு வந்துடு.

ஆறாம்சீட்டு: ஃபின்னியோட மீசை போதாதுன்னு அகதா கிறிஸ்டியே குறைப்பட்டுக்கிட்டாங்களாம். 2017ல இதே கதையை மறுபடி எடுத்து போய்ரோவா நடிச்ச கென்னத் பிரானா அதை வட்டியோட அடைச்சிட்டார்.